குடும்பத்தோடு வெளிநாட்டில் வாலிபர் ஊழியம்: போகிறவர்களுக்கு ஒரு அக்கா சொல்வது

போய் இறங்கிய மாதமே வாலிபர் கூட்டம் ஆரம்பிக்காதீர்கள். எங்களிடம் ஆலோசனை கேட்டு வரும் இளம் தம்பதிகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். கிட்டார் வாங்கியாயிற்று, குழுவுக்குப் பெயர் வைத்தாயிற்று, லோகோகூடத் தயார். இந்த நேரத்தில் இந்த அக்கா இப்படிச் சொல்கிறாளே என்று பார்ப்பார்கள்.

என் கணவரும் நானும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வேறொரு நாட்டுக்குப் போய் வாலிபர் நடுவே ஊழியம் செய்தவர்கள். இப்போது புதிதாகப் போகிறவர்களைத் தயார்படுத்துகிறோம். நாட்டுக்கு நாடு மாறும் விஷயங்கள் நிறைய உண்டு. எங்கே போனாலும் பொருந்துகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

அழைப்பு கணவருக்கு வந்தது, மனைவி கீழ்ப்படிந்து கூடப் போகிறாள் என்று சபையில் சாட்சி சொல்வார்கள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793-ல் இந்தியாவுக்குக் கிளம்பியபோது அவர் மனைவி டாரதி வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அப்போது அவர் கர்ப்பிணி. பயணம் தாமதமானதால் கேரி திரும்பி வந்து மறுபடி கேட்டார். தங்கை துணைக்கு வருவதாக இருந்தால் வருகிறேன் என்று, பிறந்து சில வாரமே ஆன குழந்தையோடு டாரதி கப்பல் ஏறினார். கல்கத்தாவில் இறங்கிய பிறகு வீடும் நிலையில்லை, பணமும் நிலையில்லை. அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்தது. 1807-ல் சாகும்வரை அது சரியாகவே இல்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைப் புகழும் மேடைகளில் இந்தப் பெண்ணின் பெயர் அரிதாகத்தான் வருகிறது. மிஷனெரிக் குடும்பமாகக் கிளம்பும் ஒவ்வொரு கணவனுக்கும் நான் முதலில் சொல்லும் வரலாறு இது.

அதனால் தம்பதிகளிடம் சில கேள்விகளைக் கொடுத்து, தனித்தனியாகத் தாளில் எழுதிப் பிறகு மாற்றிப் படிக்கச் சொல்கிறோம். பிள்ளைக்குப் பள்ளி ஒத்துவராமல் போனால் என்ன செய்வோம்? ஊரில் அம்மா படுத்த படுக்கையானால் யார் போவது? வாரத்தில் எந்த இரவுகள் வீட்டுக்கு? இருவரில் ஒருவர் "போதும், திரும்பிவிடலாம்" என்றால் அடுத்து என்ன? கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாரும் திணறுகிறார்கள். உடனே பெட்டி கட்ட வேண்டியதில்லை. ஆனால் "விசுவாசம் குறைந்துவிட்டது" என்று வாயடைக்கவும் கூடாது. மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துப் பேசியே ஆக வேண்டும். அவர் யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அனுப்பும் சபையின் போதகராக இருக்க வேண்டாம். மாதப் பணம் யார் கையால் வருகிறதோ அவரிடம் மனசில் உள்ளதை முழுசாகச் சொல்ல வராது.

சபையோடு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "நம்ம ஐயா சொன்னால் போதும்" என்பது ஐயாவுக்கு மாற்றல் வரும் வரைதான். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, வீட்டில் சாவு நேர்ந்தால் டிக்கெட் யார் எடுப்பது, எத்தனை வருடம் கழித்து விடுமுறை, எல்லாம் தாளில் வரட்டும். எந்தப் பணத்தில் என்பதையும் எழுதுங்கள். நம் ஊர்ப் பணத்தில் வாக்குக் கொடுத்தால், மாற்று விகிதம் சரியும்போது அடி விழுவது உங்கள் சமையலறையில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொகையைத் திருத்துவோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் பின்னால் கெஞ்ச வேண்டியிருக்காது. வழியனுப்பு ஆராதனையில் குவியும் காணிக்கையை மாத வருமானமாகக் கணக்குப் போடாதீர்கள். அது பயணத்துக்கும் வீட்டு முன்பணத்துக்குமே சரியாகப் போய்விடும். குடும்பம் முழுவதும் ஊர் திரும்புவதற்கான விமானச் செலவும் மூன்று மாத வீட்டுச் செலவும் தொடாத கணக்கில் இருக்கட்டும்.

விசாவும் சட்டமும்

சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்வது சாமர்த்தியம் அல்ல, பொய். மாட்டினால் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான். உங்களை வீட்டுக்கு அழைத்த உள்ளூர்க் குடும்பம்தான் அங்கேயே இருந்து விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். மதப் பணியாளர் விசா தரும் நாட்டில் அதையே கேளுங்கள். தராத நாட்டுக்கு வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ போகிறீர்கள் என்றால், அந்த வேலையை, அந்தப் படிப்பை, உண்மையாகவே செய்யுங்கள். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். அவர் செய்தது நிஜமான கூடாரம்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபடும் என்பதற்கு இரண்டு உதாரணம். ரஷ்யாவில் 2016-ல் வந்த சட்டத் திருத்தம், மிஷனெரிப் பணியை எங்கே, யார், எந்தக் காகிதத்தோடு செய்யலாம் என்று கட்டுப்படுத்துகிறது. நேபாளத்தில் 2015 அரசியலமைப்பின் 26-ஆவது பிரிவும், 2018-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டமும் மதம் மாற்றுவதைத் தடை செய்கின்றன. ஐந்து வருடம் வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து நாடு கடத்தல். நீங்கள் போகும் நாட்டில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு மத நிகழ்ச்சி நடத்த என்ன விதி என்பதை அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடமே கேளுங்கள். போன வருடம் போய் வந்த நண்பர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சட்டம் அனுமதித்தாலும் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சேர்க்காதீர்கள். 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு, பிள்ளையின் மதச் சுதந்திரத்தையும் பெற்றோர் வழிநடத்தும் உரிமையையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் பிள்ளையை உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் தம் மதக் கூட்டத்துக்கு அழைத்துப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தால், உடன்படிக்கையைப் படிக்காமலேயே புரியும்.

மொழி, அதுவும் இருவருக்கும்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் வேலைக்குத் தேவையான அளவு ஸ்பானிஷ் கற்கச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், ஜப்பானியமோ அரபியோ கற்க 2200 மணி நேரம். தமிழிலிருந்து போகிற நமக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். வினைச்சொல் கடைசியில் வரும் ஜப்பானிய, கொரிய வாக்கிய அமைப்பு நமக்கு அவ்வளவு அந்நியமாக இராது. ஆனாலும் தினமும் ஓரிரு மணி நேரம் என்று ஆறு மாதம் வகுப்புக்குப் போனால் எந்த மொழியும் முடிந்துவிடாது என்பதற்கு இந்த எண்களே போதும்.

இதில் ஒரு பழைய கோளாறு உண்டு. கணவர் காலையில் வகுப்புக்குப் போவார். மனைவி கைக்குழந்தையோடு வீட்டில். ஒரு வருடம் கழித்து அவருக்கு மொழி வந்திருக்கும், நண்பர்கள் இருப்பார்கள். இவளுக்குப் பக்கத்து வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேச வராது. அதன் பிறகு வாலிபப் பெண்கள் நடுவே ஊழியம் செய்யச் சொன்னால் எப்படிச் செய்வாள்? நாங்கள் காலையைப் பாதியாக வெட்டிக்கொண்டோம். முதல் பாதி எனக்கு வகுப்பு, அவருக்குப் பிள்ளைகள். அடுத்த பாதி மாற்றி. வீட்டுக்கே வந்து சொல்லித்தர ஒரு கல்லூரி மாணவியையும் ஏற்பாடு செய்தோம், உரிய சம்பளம் கொடுத்து.

எங்கள் வாலிபர் ஊழியம் உண்மையில் ஆரம்பமானது அந்த மாணவியிடம்தான். சாப்பிடும் முன் கண்ணை மூடி என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். அவள் மொழியில் எனக்கு அப்போது காய்கறி விலை கேட்கத்தான் தெரியும். தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் சிரிக்காமல் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தி என் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அடுத்த முறை தோழி ஒருத்தியைக் கூட்டி வந்து, "இப்ப இவளுக்குச் சொல்லுங்க" என்றாள். பாடம் கற்க உட்கார்ந்த நான் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் சரளமாகப் பேசியிருந்தால் அவள் கேட்டுவிட்டுப் போயிருப்பாள். நான் தடுமாறியதால் கூட்டாளி ஆகிவிட்டாள்.

வந்த புதிதில் வாலிபர்களிடம் உதவி கேளுங்கள். மின் கட்டணம் எப்படிக் கட்டுவது, பஸ்ஸில் எந்தப் பக்கம் ஏறுவது, பள்ளியிலிருந்து வந்த இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது. கொடுக்கிறவர்களாகவே போய் நிற்பவர்களுக்கு நண்பர்கள் கிடைப்பதில்லை. 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் நம் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். அதற்கு முன் பல வருடம் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக வாலிபர் நடுவே உழைத்தவர். மேலைநாட்டு மிஷனெரிகளைப் பார்த்து ஒரு தமிழர் சொன்ன அந்தக் குறை, இப்போது வெளியே போகும் தமிழர்களுக்கும் பொருந்துகிறது. நாமும் சில இடங்களில் ஐயாவாகவும் அம்மாவாகவும் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

இந்தக் காலம் முழுவதும் உள்ளூர்ச் சபை ஒன்றில் சாதாரண விசுவாசியாக இருங்கள். மைக் கொடுத்தால் "இன்னும் மொழி வரவில்லை" என்று தப்பித்துக்கொள்ளுங்கள். நாற்காலி துடைப்பதற்கு மொழி தேவையில்லை.

கூட்டம் எப்போது, எப்படி

பள்ளி விடும் நேரத்தில் நடந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு பாருங்கள். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், எதற்குக் காத்திருக்கிறார்கள், எந்த நேரம் வீட்டுக்குப் போகிறார்கள்? பரீட்சைக் காலம் எது? ஒரு ஆசிரியர், ஒரு போதகர், வயசுப்பிள்ளை வைத்திருக்கும் ஒரு தாய், இவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஏற்கெனவே நன்றாக நடக்கும் வாலிபர் குழு ஒன்று இருந்தால் அதில் போய்ச் சேருங்கள். பக்கத்திலேயே இன்னொன்று ஆரம்பிப்பது அந்த ஊர்ச் சபைக்குச் செய்யும் துரோகம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இரண்டு மூன்று உள்ளூர் வாலிபர்களோடு சேர்ந்து தொடங்குங்கள். நாள், நேரம், பெயர் எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்யட்டும். நீங்கள் கொண்டுவந்த லோகோவை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். 1844 ஜூன் 6-ஆம் தேதி லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.யைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு அப்போது வயது 22. ஜவுளிக்கடை ஊழியர். கூட இருந்தவர்களும் அவரைப் போன்ற இளைஞர்கள்தான். வெளியே இருந்து யாரும் வந்து அவர்களுக்காக அதை ஆரம்பித்துக் கொடுக்கவில்லை.

கூட்டத்தின் நடைமுறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் போதும். வந்து பேசிச் சிரிக்க அரைமணி, ஒரு வேதப்பகுதியைச் சேர்ந்து வாசித்துக் கேள்வி கேட்க அரைமணி, மீதி ஜெபத்துக்கும் விளையாட்டுக்கும். யாரையும் சத்தமாக ஜெபிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையையும் இருபத்துமூன்று வயது ஆளையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். இருவருக்குமே வாய் அடைத்துப்போகும். இலவச ஆங்கில வகுப்பு என்று அழைத்து நடுவில் பிரசங்கம் செய்வது வேண்டவே வேண்டாம். ஆங்கில வகுப்பு என்றால் ஆங்கிலம்தான். அதற்குப் பிறகு வேத ஆராய்ச்சி உண்டென்றால் அழைப்பிலேயே அதை எழுதுங்கள். விரும்புகிறவர்கள் இருப்பார்கள், மற்றவர்கள் போவார்கள்.

யாருக்கு எந்தப் பொறுப்பைக் கொடுப்பது என்பதில்தான் கவனம் தேவை. நன்றாகப் பேசுகிறவனுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவோம். எங்கள் குழுவில் வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். நாற்காலி எடுத்துப் போட மட்டும் முந்தி வருவான். என் கணவர் அவனிடம் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எல்லாருக்கும் முன்னால் வந்து திறந்து வைப்பான். முன்னால் வந்ததால் புதிதாக வருகிறவர்களை முதலில் பார்ப்பதும் அவன்தான். வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தான். கூச்சத்தோடு வாசலில் நிற்கும் பிள்ளையை உள்ளே கூட்டி வர அவனைப் போல் யாருக்கும் தெரியவில்லை, அந்தக் கூச்சம் அவனுக்குத் தெரிந்ததுதானே.

பிள்ளைகளின் பாதுகாப்பு: இதில் சமரசம் இல்லை

"ஊழியக்காரர்கள்தானே" என்ற நம்பிக்கையில்தான் பல இடங்களில் கேடு நடந்திருக்கிறது. கூட்டம் தொடங்கும் முன் விதிகளை எழுதிப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் மொழியில் கொடுங்கள். பெரியவர் ஒருவர் சிறுவயதுப் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருப்பதில்லை. காரில் தனியாக ஏற்றிப் போவதில்லை. இரவில் தனிச் செய்தி அனுப்புவதில்லை. பேச வேண்டியதை இன்னொரு பெரியவரும் இருக்கும் குழுவில் பேசலாம். உதவிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், சபை மூப்பரின் மகனாகவே இருந்தாலும், போலீஸ் சான்றிதழும் தெரிந்தவர்கள் இருவரின் பரிந்துரையும் வேண்டும். இந்த விதிகளுக்கு முதலில் கட்டுப்பட வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேளுங்கள். குறுக்குக் கேள்வி போட்டு விசாரிக்காதீர்கள். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். அந்த நாட்டுச் சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டுமோ அவர்களிடம் அன்றே தெரிவியுங்கள். அந்த அலுவலகத்தின் எண் முதல் கூட்டத்துக்கு முன்பே உங்கள் போனில் இருக்க வேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்க்கச் சொல்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் மூத்தவர்களாக இருந்தாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

வீட்டில் கூட்டம் நடத்தினால் உங்கள் பிள்ளைகளின் படுக்கையறைப் பக்கம் யாரும் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளும் பிள்ளைகள்தான்.

உங்கள் பிள்ளைகள்

சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீமும் அவர் கணவர் ஜானும் 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்தார்கள். பெற்றோரின் கலாச்சாரமும் முழுசாகச் சொந்தமில்லை, வாழும் நாட்டின் கலாச்சாரமும் முழுசாகச் சொந்தமில்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்றில் வளரும் பிள்ளைகளை "மூன்றாம் கலாச்சாரப் பிள்ளைகள்" என்று ரூத் பெயரிட்டு அழைத்தார். உங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் ஆவார்கள். அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. வீட்டில் தமிழே பேசுங்கள். பாட்டியோடு போனில் பேச அது வேண்டும். ஊர் திரும்பும் நாளில் "நான் எந்த ஊர்?" என்ற கேள்வி வந்தால் பதிலைத் திணிக்காமல் கூட உட்கார்ந்து யோசியுங்கள்.

பிள்ளைகள் நம்மைவிட முன்னால் மொழியைப் பிடித்துவிடுவார்கள். அதற்காக ஏழு வயது மகளைப் பெரியவர்களின் பிரச்சினைக்கு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போதும் வேண்டாம். வாரத்தில் ஒரு இரவு கூட்டமும் இல்லை, விருந்தாளியும் இல்லை என்று வையுங்கள். யாராவது கதவைத் தட்டினால் பிள்ளைகள் முன்னிலையிலேயே "இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லுங்கள். அதை அவர்கள் காதால் கேட்க வேண்டும்.

ஜெபக் கடிதம்

ஆதரவாளர்களுக்கு எழுதும் கடிதத்தைத் தமிழில்தானே எழுதுகிறோம், இங்குள்ளவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். போன் ஒரு நொடியில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். "இருளில் வாழும் இந்த ஜனங்கள்" என்று நீங்கள் எழுதியதை உங்கள் வீட்டில் சாப்பிட்ட பையன் படிப்பான். அவன் தகப்பனின் குடியையும், வேறொரு பெண்ணின் கண்ணீரையும் பெயரை மாற்றி எழுதினாலும் ஊரில் யாரென்று தெரியும். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்ட முடியாத வரியை எடுத்துவிடுங்கள். சிறுவர்களின் முகம் தெரியும் படம் கூடவே கூடாது. காணிக்கை குறைந்துவிடுமே என்று சிலர் கேட்கிறார்கள். குறையலாம்.

கைமாற்றுவது

உள்ளூர்ச் சபை தன்னைத் தானே நடத்தி, தன் செலவைத் தானே பார்த்து, தானே பரவ வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷனெரிச் சங்கங்களை நடத்திய ஹென்றி வெனும் ரூஃபஸ் ஆண்டர்சனும் வலியுறுத்தினார்கள். வாலிபர் குழுவுக்கும் அதையே பாருங்கள். உங்கள் ஆதரவுப் பணத்தில் மட்டும் நடக்கும் முகாம் நீங்கள் போனதும் நின்றுவிடும். அவர்களால் முடிந்த சிறிய முகாமை அவர்கள் பணத்தில் நடத்தட்டும், விட்டுவிடுங்கள்.

முதல் விடுமுறைக்குக் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே எல்லாவற்றையும் கைமாற்றத் தொடங்குங்கள். குழுவின் வங்கிக் கணக்கில் உள்ளூர்க்காரர் இருவர் கையெழுத்து, வாட்ஸ்அப் குழுவுக்கு வேறு அட்மின், பெற்றோர் சம்மதப் படிவங்களும் பாதுகாப்பு விதிகளும் சபை அலுவலகத்தில். கடைசி இரண்டு மாதம் கூட்டத்துக்குப் போங்கள், ஆனால் பின்வரிசையில் உட்காருங்கள். ஊரில் இருக்கும்போது வெள்ளிக்கிழமை இரவு போனை எடுத்து "கூட்டம் எப்படி நடந்தது?" என்று கேட்கத் தோன்றும். அவர்களே கூப்பிடும்வரை கேட்காதீர்கள்.